எழுபத்தெட்டு சதவீதம் வரை

காவேரிப்பட்டணம் சாலையில்
மாம்பழக் கூழ் ஆலைக்குப் பின்னால்
ஜூன் மாதக் கொட்டைகள் ஒரு குன்று.
ஈக்கள் அதன் முதல் உரிமையாளர்கள்.
அடுத்தது நான்.
மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு
நாற்பது கிலோ பொறுக்கினேன்,
ஓடு உடைத்தேன், கழுவினேன், காயவைத்தேன்,
ஆலை கொடுத்த உலையில் கரியாக்கினேன்.
கரிக்குத் தாகம் உண்டு என்று
ஆய்வு முன்மொழிவில் எழுதியிருந்தேன்.
பேராசிரியர் திலகமணி அதை அடித்துவிட்டு
பரப்புக் கவர்ச்சித் திறன் என்று மாற்றினார்.
அவர் செய்தது சரிதான்.
தாகத்துக்கு யார் நிதி ஒதுக்குவார்கள்?

ஒப்பந்தம் முத்தரப்பு.
ஆலை, கொட்டையும் உலையும் தரும்.
அரசு, முப்பத்தொரு லட்சம் தரும், மூன்று தவணையில்.
பல்கலைக்கழகம் அறிவு தரும்,
அதாவது என்னை,
மாதம் இருபதாயிரத்துக்கு.
(இரண்டாம் தவணை இன்னும் வரவில்லை.
பயன்பாட்டுச் சான்றிதழில் ஒரு முத்திரை
தலைகீழாக விழுந்துவிட்டதாம்.)

காரிமங்கலம் தாண்டி வேப்பலங்கொட்டாய்.
கெம்பம்மாள் வீட்டு ஆழ்துளைக் கிணறு
இணைப்பு 'ஆ'வில் மாதிரி எண் பதினேழு.
ஃபுளோரைடு, லிட்டருக்கு 4.1 மில்லிகிராம்.
அவள் மகன் பல்லில் குறுக்கே காவிக் கோடுகள்,
அடிக்கோல் வைத்து யாரோ வரைந்த மாதிரி.

வடிகட்டி வைத்த முதல் நாள் 0.9.
அன்றைக்கு எனக்கு ஒன்பது தொலைபேசி அழைப்புகள்.
பதினோராம் நாள் 1.4.
இருபத்தாறாம் நாள் 2.2.
நாற்பதாம் நாள் 3.3,
அன்றைக்கு ஓர் அழைப்பும் இல்லை.
கரி நிறைந்துவிட்டது,
பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்தவனைப் போல.
இனி எவ்வளவு கெஞ்சினாலும் வாங்காது.
வேறு கரி போட வேண்டும், மாதாமாதம்.
திட்ட மதிப்பீட்டில் 'மாதாமாதம்' என்ற தலைப்பே கிடையாது.

ஆய்வுக் கூட்டம் தர்மபுரியில்.
ஒரு தட்டு முந்திரி, மூன்று கோப்புகள்.
ஆலை மேலாளர் சொன்னார்,
"நீக்கும் திறன் எழுபத்தெட்டு சதவீதம், போட்டுடலாம்."
அதிகாரி தலை நிமிர்த்தினார்,
"எல்லா நாளுமா?"
பேராசிரியர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார்.
"வரை-ன்னு சேர்த்துடலாம்."
அந்த ஒரு சொல்லில்தான்
மூன்று தரப்பும் முதன்முதலாக ஒத்துப்போனது.

திரும்பும் பேருந்தில் அதையே மென்றுகொண்டிருந்தேன்.
வரை என்றால் எல்லை.
வரை என்றால் கோடு.
வரை என்றால் மலையும்தான்,
பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி.
சன்னலுக்கு வெளியே பாறைமேல் பாறையாய்
ஒன்றன்பின் ஒன்றாக வந்தன வரைகள்.
என் வரைபடத்துக்கும் ஓர் உச்சி உண்டு, முதல் நாள்.
நாங்கள் மூவரும் அங்கே நின்று
புகைப்படம் எடுத்துக்கொண்டோம்.
கெம்பம்மாள் குடியிருப்பது சரிவில்.

அறுபதாம் நாள் மாதிரி எடுக்கப் போனேன்.
"தண்ணி என்னா சொல்லுது?" என்றாள்.
ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவு:
மூன்று தரப்பின் எழுத்துபூர்வ இசைவின்றி
முடிவுகளை எவருக்கும் வெளியிடலாகாது.
நான் வெளியிடவில்லை.
சாயக் குப்பியில் இரண்டு சொட்டு விட்டேன்.
ரோஜா நிறமாக இருக்க வேண்டியது
அவள் கண்ணெதிரே மஞ்சளாயிற்று.
குப்பியை வாசற்படியில் வைத்துவிட்டுப் பேருந்தைப் பிடித்தேன்.

வடிகட்டியின் வயிற்றில் ஓர் ஒட்டுச்சீட்டு உண்டு.
மூன்று சின்னங்கள், மூன்று தொலைபேசி எண்கள்.
படம் எடுக்கும்போது அழகாக விழட்டுமே என்று போட்டது.
திங்கட்கிழமை காலை
முதலில் ஆலையில் மணி அடித்ததாம்,
பிறகு வட்டார அலுவலகத்தில்,
பதினொன்றரைக்கு எங்கள் துறையில்.
பேராசிரியர் ஒலிபெருக்கியைத் தட்டினார்.
"பதினேழாம் நம்பர் பேசறன்.
தண்ணி மஞ்சளாப் பூடுச்சு.
கரிய எப்ப மாத்துவீங்க?"

பேராசிரியர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
நான் இருப்புப் பதிவேட்டைத் திறந்து
எழுதிக்கொண்டிருந்தேன்:
சாயக் குப்பி, ஒன்று. கசிவு.